மொக்கையன் மூக்கில் வந்த கொப்புளம்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை என்றால் ராஜா வேண்டும், ராஜா என்றால் சிங்கம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம் மலைகளில் சிங்கம் கிடையாது. நம் கதைகளுக்குள் மட்டும் அது எந்த வழியாக வந்து உட்கார்ந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தக் காட்டில் இருந்ததெல்லாம் வரையாடு, காட்டுமாடு, கருமந்தி, அப்புறம் ஒரு தவளை. அந்தத் தவளையின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். உருவத்தில் அது உங்கள் கட்டைவிரல் நகத்தில் உட்கார்ந்தாலும் இடம் மிச்சமிருக்கும். கூப்பாடு மட்டும் பெரிது.

காடு இருந்த மலைக்குக் கூதல்மேடு என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே நடுப்பகலிலும் பல் தந்தியடிக்கும். இப்போது குளிர் பெயரில் மட்டும்தான் பாக்கி. அடிவாரம் சூடானதும் அடிவாரத்து ஆட்கள் நடுமலைக்கு வந்தார்கள். நடுமலையும் சூடானதும் அங்கே இருந்தவர்கள் மேலே ஏறினார்கள். கொசு ஏறியது, காக்கை ஏறியது. சமவெளியில் சோளக்காட்டில் மேய்ந்துகொண்டிருந்த மயில்கூட, "கீழ வெயில் தாங்கலீங்க, நாலு நாள் இருந்துட்டுப் போயிடறனுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தது. அதன் பேரன் பேத்திகளே இப்போது குஞ்சு பொரித்துவிட்டார்கள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை.

நம் தவளைக்குத் துளியன் என்று பெயர். அதன் வம்சமும் ஏறி ஏறித்தான் வந்தது. கொள்ளுத்தாத்தா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தார். தாத்தா அதற்கு மேலே ஓடைக்கரையில் இருந்தார். அப்பா சோலைக்காட்டின் விளிம்பு வரை வந்தார். துளியன் உச்சிக்கே வந்து, அங்கே ஒரு பள்ளத்தில் குடியிருந்தது. அந்தப் பள்ளத்தில் குட்டை மரங்கள் பாசியைப் போர்த்திக்கொண்டு நெருக்கியடித்து நின்றன. பனிமூட்டம் வந்தால் அந்த மரங்கள் அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கும். மலையே காய்ந்து கிடக்கிற நாளிலும் பள்ளம் மட்டும் ஈரமாக இருக்கும். பள்ளத்துக்கு மேலே வெறும் பாறை. பாறைக்கு மேலே ஆகாயம். துளியன் ஏறுவதற்கு இனி இடம் கிடையாது.

அங்கேதான், ஒரு பாசி மெத்தைக்கு அடியில், துளியனின் முட்டைகள் இருந்தன. இந்த இனத் தவளைக்குக் குளம் குட்டை எதுவும் வேண்டாம். தலைப்பிரட்டையாக நீந்துகிற பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கைகால் முளைத்து, முழுத் தவளையாக வெளியே வந்துவிடும். ஆனால் அதுவரை முட்டை காயக்கூடாது, காய்ந்தால் போயிற்று. முட்டையிட்டதோடு தாயின் வேலை முடிந்தது. காவல் காப்பது அப்பன் பாடு. துளியன் முட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பனி வருகிறதா, பனி வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பனி வரவில்லை. வஜ்ரவேலு வந்தார்.

வஜ்ரவேலு ஒரு காண்ட்ராக்டர். கூட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பள்ளத்தில் இருந்த மரங்களில் எல்லாம் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டார். ஒரு மரத்தில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "லொக்கேஷன்னா இது லொக்கேஷன்" என்று யாருக்கோ போனில் சொன்னார். போகும்போது அதே மரத்தில் சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்.

துளியனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத விஷயங்களுக்கு அந்தக் காட்டில் எல்லோரும் கருமந்தி அக்காவிடம்தான் போவார்கள். அக்கா பகல் முழுக்கக் கீழே இருக்கிற விருந்தினர் விடுதியின் கூரையில் இருப்பவள். மனிதர்கள் பேசுவதைக் கேட்பாள், அவர்கள் அசந்த நேரத்தில் பிஸ்கட் எடுப்பாள். அதனால் அவளுக்கு உலக விவரம் அதிகம்.

"என்னக்கா பண்றாங்க?" என்று கேட்டது துளியன்.

"மேடை போடறாங்க. பனி பார்க்கிற மேடை."

"எதுக்கு?"

"பூமி சூடாயிட்டே போகுதில்ல, இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்த மலையில பனியே இருக்காதாம். அதுக்குள்ள ஜனங்க எல்லாம் வந்து பார்த்துடணுமாம்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு விழிப்புணர்வோட வீட்டுக்குப் போவாங்க."

"சரி, மரத்துல ஏன் சிவப்பு அடிச்சிருக்காங்க?"

"மரம் மறைக்குதில்ல? வெட்டினாத்தானே பனி தெரியும்."

"அக்கா, அந்த மரம்தானே பனியைப் பிடிச்சு வெக்குது?"

"அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். 'மரங்களே பனியின் தாய்'னு மேடையில பெரிசா போர்டு வெக்கப் போறாங்க. போர்டை எந்த மரத்துல செய்யறதுன்னுதான் இன்னும் முடிவாகலை."

துளியன் கணக்குப் போட்டுப் பார்த்தது. மரம் போனால் ஈரம் போகும். ஈரம் போனால் முட்டை போகும். முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட அதற்குக் கையும் போதாது, மலையும் போதாது.

"நிறுத்த வழியே இல்லையாக்கா?"

"இருக்கு. மரத்துல ஒரு பெட்டி கட்டியிருக்காங்க பாரு, அது காமிரா. அது எடுக்கிற படம் தானாவே விடுதியில இருக்கிற திரைக்குப் போயிடும். இந்தப் பள்ளத்துல முக்கியமான உயிரினம் ஏதாவது குடியிருக்கான்னு அதை வெச்சுத்தான் பார்ப்பாங்க. மழை ஆரம்பிக்கிற வரைக்கும் அது அங்கயே இருக்கும். குடியிருக்கிறவங்க யாராவது படத்துல விழுந்தா மேடை நிக்கும். யாரும் விழலைன்னா மேடை எழும்பும்."

"இவ்வளவுதானா!" என்று குதித்தது துளியன். "நான்தான் குடியிருக்கேனே!"

குதித்த வேகத்தில் போய்க் காமிராவுக்கு எதிரே ஒரு இலையில் உட்கார்ந்தது. கழுத்துப் பையை ஊதிக்கொண்டு "டிக் டிக் டிக்" என்று பாடியது. காமிரா சும்மா இருந்தது. எழுந்து நின்று பாடியது, பக்கவாட்டில் திரும்பிப் பாடியது. வெட்கத்தை விட்டு ஒரு குட்டிக்கரணமும் போட்டது. காமிரா கண்ணைத் திறக்கவே இல்லை. இப்படியே நாட்கள் போயின. பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். நாம் உயிரோடுதான் இருக்கிறோமா என்று துளியனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அடப் பைத்தியமே" என்றாள் கருமந்தி அக்கா. "அது உடம்புச் சூட்டைப் பார்த்துத்தான் கண்ணைத் திறக்கும். உன் உடம்பு பச்சைத்தண்ணி. அதுக்கு நீயும் கூழாங்கல்லும் ஒண்ணு."

"குளிர்ந்த உடம்புதானேக்கா எனக்கு. குளிர்லயே வாழறவன்தானே நான்?"

"அதனாலதான் நீ இல்லை."

துளியனின் முகம் சுருங்கியது. அக்காவுக்குப் பாவமாகப் போய்விட்டது. "இங்க பாரு, கல்யாண வீட்டு போட்டோவுல குள்ளமா இருக்கிறவங்க மாப்பிள்ளை பக்கத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி, நீயும் சூடான உடம்புக்காரங்க யார் பக்கத்துலயாவது ஒட்டிக்கிட்டு நில்லு. அவங்க சூட்டுக்கு அது கண்ணைத் திறக்கும். நீயும் ஓரமா விழுந்துடுவ" என்று யோசனை சொன்னாள்.

யோசனை சங்கத்துக்குப் போனது. அந்தக் காட்டில் ஒரு சங்கம் இருந்தது. மலைவாழ் உயிரினப் பாதுகாப்புச் சங்கம் என்று பெயர். வரையாடு அதன் தலைவர். மாநில விலங்கு என்பதால் அவரைத் தவிர வேறு யாரும் தலைவராக நினைத்ததுகூட இல்லை. நினைக்க அவர் விடவும் இல்லை.

"துளியனின் துயரம் என் துயரம்" என்று ஆரம்பித்தார் தலைவர். அப்புறம் ஒரு வாய்ப் புல்லை எடுத்து மென்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். "இந்தப் பள்ளத்தைக் காக்க நானே களத்தில் இறங்குகிறேன். என் முகம் ஒன்று போதும். நான் நிற்கிற மலையில் எவன் கை வைப்பான்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அழகில் மூத்தவர்கள் முதலில் என்பது சங்கத்தின் எழுதாத சட்டம்.

மறுநாள் காலையில் தலைவர் பள்ளத்துக்கு வந்தார். முதுகில் வெள்ளிச் சேணம் போட்டது போலிருக்கும் அந்த நரைத்த ரோமம் நன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் நின்றார். கொம்பைச் சற்றே தூக்கினார். துளியன் அவர் காலடியில் ஓடி வந்து நின்றுகொண்டது.

"ஐயா, காலை அங்க வெக்காதீங்க! முட்டை இருக்கு!"

"அசையாதே. வெளிச்சம் அருமையாக விழுகிறது."

"ஐயா, பின்னங்கால்! பின்னங்கால்!"

"வயிற்றை உள்ளே இழுத்திருக்கிறேன். பேச வைக்காதே."

குளம்பு பாசி மெத்தையின் ஓரத்தை அமுக்கிக்கொண்டு இறங்கியது. துளியன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாசியை இந்தப் பக்கம் இழுத்தது. காமிரா கண்ணைச் சிமிட்டியது. படத்தில் தலைவர் தலை முதல் வால் வரை அம்சமாக விழுந்தார். துளியன் அவர் குளம்புக்குப் பின்னால் இருந்தது.

அக்கா விடுதிக் கூரையிலிருந்து செய்தி கொண்டுவந்தாள்.

"படத்தைப் பார்த்து எல்லாரும் கைதட்டினாங்க."

"அப்ப மேடை நின்னுடுச்சா?"

"இரண்டு மாடி ஆயிடுச்சு. வரையாடு பள்ளத்துல குடியிருக்கிறதில்லை, பாறையிலதான் இருக்கு, மேல்மாடியிலேருந்து பார்த்தா நல்லாத் தெரியும்னு வஜ்ரவேலு சொல்லிட்டார். பார்க்க நிறைய பேர் வருவாங்களாம். கார் நிறுத்த இடமும் சேர்த்துட்டாங்க."

அடுத்தது மயிலின் முறை. "நம்முளுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் பழக்கமுங்க, பயப்படாதீங்க" என்று துளியனுக்குத் தைரியம் சொல்லிவிட்டுத் தோகையை விரித்தது. விரித்த தோகைக்குள் துளியனும் மறைந்தது, பள்ளமும் மறைந்தது, பின்னால் இருந்த மரமும் பாதி மறைந்தது. காமிரா சலிக்காமல் சிமிட்டியது. மயிலும் சலிக்காமல் ஆடியது.

"மயில் ஆடுற இடத்துல செல்ஃபி எடுக்கத் தனியா ஒரு மூலை கட்டறாங்க" என்றாள் அக்கா. துளியனின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "மரம் அறுக்கிற மிஷின் விடுதிக்கு வந்து இறங்கிடுச்சு."

வெயில் அதற்குள் பள்ளத்துக்குள்ளும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. பாசி மெத்தையின் ஓரம் பழுத்துப்போயிற்று. துளியன் தன் உடம்பில் இருந்த கொஞ்சநஞ்ச நீரையும் முட்டைகள் மேல் விட்டுவிட்டு, தான் காய்ந்து உட்கார்ந்திருந்தது. முட்டைக்குள் பொட்டுப் பொட்டாகக் கண் தெரிந்தது. அந்தக் கண்கள் தன்னையே பார்ப்பதாகத் துளியனுக்குத் தோன்றியது. அது மனம்விட்டு அழுதிருக்கும். அழுவதற்கும் உடம்பில் தண்ணீர் வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் மொக்கையன் வந்தது.

மொக்கையன் ஒரு காட்டுமாடு. வண்டிபோல உடம்பு, அதற்குள் கூச்ச சுபாவம். சங்கக் கூட்டத்துக்கு அது போவதில்லை. போனால் மற்றவர்கள் உட்கார இடம் இருக்காது. மாலையில் வந்து, காமிரா கட்டியிருந்த மரத்தில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு போவது அதன் வழக்கம். அன்றும் அப்படித்தான் வந்து தேய்த்தது. சொரசொரப்பான மரம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

"அண்ணே, ஒரு உதவி" என்றது துளியன்.

"யாருப்பா அது? சத்தம் மட்டும் கேக்குது, ஆளக் காணோம்?"

"கீழ, கீழ. மிதிச்சிடாதீங்க."

"அட, நீயா. என்னப்பா வேணும்?"

"உங்க மூக்கு மேல கொஞ்ச நேரம் உக்காரணும்."

மொக்கையனிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அது தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் துளியனை உற்றுப் பார்த்தது. துளியன் நடந்ததை எல்லாம் சொன்னது. மேடை, சிவப்புக் குறி, முட்டை, தலைவரின் பின்னங்கால், மயிலின் தோகை எல்லாம்.

"அது சரிப்பா, படத்துல நான் நல்லா விழ மாட்டேனே. எங்க ஆத்தாளே என்னைய ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பார்த்துதான் அடையாளம் கண்டுக்கிரும்."

"நீங்க நல்லா விழ வேண்டாம்ணே. அழகா விழுந்தவங்கதான் எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்காங்க."

"அப்படின்னாச் சரி. ஏறிக்க."

மொக்கையன் தலையைத் தரைவரை தாழ்த்தியது. துளியன் மூக்கின் நுனியில் ஏறி உட்கார்ந்தது.

"ஆத்தீ! குளுகுளுன்னு இருக்கே! வேற ஆள் யாரும் இருந்தா கூப்பிடுப்பா!"

அந்தப் பள்ளத்தில் முட்டை காத்துக்கொண்டிருந்த அப்பன்கள் வேறு சிலரும் இருந்தார்கள். துளியன் கூப்பிட்டதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். நெற்றியில் நாலு பேர், கன்னத்தில் ரெண்டு பேர், இமைக்கு மேல் ஒருவர் என்று இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். மொக்கையன் நிமிர்ந்து, காமிராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. காமிரா கண்ணைத் திறந்தது.

"திறந்துடுச்சு! பாடுங்கடா!" என்று கத்தியது துளியன்.

கழுத்துப் பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உப்பின. டிக் டிக் டிக் என்று காடே அதிரும்படி பாடினார்கள். மூச்சு வாங்கப் பைகள் சுருங்கின. மறுபடி உப்பின. இடம் போதாமல் கொஞ்சம் அங்கே இங்கே நகர்ந்து உட்கார்ந்தார்கள். காமிரா விடாமல் சிமிட்டியது. மொக்கையன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

படங்கள் விடுதிக்குப் போயின. அன்றைக்கு அங்கே நடந்ததைக் கருமந்தி அக்கா கூரைக் கண்ணாடி வழியாக நேரில் பார்த்தாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

படங்களைப் பார்த்துச் சொல்ல வந்திருந்த கால்நடை டாக்டர் ஜெபமணி, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"காட்டுமாடுதானே டாக்டர்? அது வர்றதும் நல்லதுதான். போர்டுல போட்டுக்கலாம்" என்றார் வஜ்ரவேலு.

"மாடு சரி. மூஞ்சியைப் பாருங்க. பூரா கொப்புளம்."

"கொசு கடிச்சிருக்கும்."

"கொசுக்கடி இப்படி வீங்கி வீங்கி வத்துமா? இந்தப் படத்துல மூக்குல சின்னதா ஒண்ணு. அடுத்த படத்துல பாருங்க, பலூனாட்டம் ஊதிப் போச்சு. அதுக்கடுத்ததுல அமுங்கிடுச்சு." டாக்டரின் குரல் இறங்கியது. "இதைப் பாருங்க. கன்னத்துல இருந்தது கண்ணுக்குப் பக்கத்துல நகர்ந்திருக்கு. நகர்ற கொப்புளம். என் சர்வீஸ்ல நான் இப்படி ஒண்ணு பார்த்ததே இல்லை."

கதவோரத்தில் நின்ற வாட்சர் மாரப்பன் தொண்டையைக் கனைத்தார். "எங்க மாமனாருக்கும் இப்படித்தானுங்க சார் வந்துச்சு. மொதல்ல மூக்குல. அப்பறம் ஊருக்கே."

"ஊருக்கேவா?" என்று வஜ்ரவேலு நாற்காலியை விட்டு எழுந்தார். "டாக்டர், இது மனுஷங்களுக்கு ஒட்டுமா?"

"ஒட்டும்னு நான் சொல்லலை. ஒட்டாதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

"காமிரா கட்டின மரத்துல அந்த மாடு தினமும் தேய்க்குதாமே, அதே மரத்துலதான் டாக்டர் நான் சாஞ்சு நின்னு போட்டோ எடுத்தேன்!" என்ற வஜ்ரவேலு தோள்பட்டையைச் சொறிந்தார். அதைப் பார்த்ததும் மாரப்பனுக்குக் கழுத்தில் ஊறியது. டாக்டர் முழங்கையை மேஜை விளிம்பில் தேய்த்துக்கொண்டார். கூரை மேல் உட்கார்ந்திருந்த கருமந்தி அக்காவுக்கும் அரிக்க ஆரம்பித்துவிட்டது. கொப்புளங்களில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவள் அவள். அவளுக்கே அப்படி.

வெகு சீக்கிரம் மலைக்குப் போகிற பாதையில் முள்வேலி வந்தது. சாலை மூடப்பட்டது. எஸ்டேட் மாடுகள்கூட அந்தப் பக்கம் மேயக்கூடாது என்று தடை வந்தது. மரம் அறுக்கிற மிஷின் கீழே இறங்கியது. கட்டிய காமிராவை அவிழ்த்துவர ஒரு ஆளும் முன்வரவில்லை. மேடை அங்கிருந்து எதிர்மலைக்கு மாற்றப்பட்டது. எதிர்மலையின் உச்சியிலும் பள்ளம் இருந்ததா, அதில் யாராவது முட்டை காத்துக்கொண்டிருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. வஜ்ரவேலுவுக்கும் தெரியாது. இந்தத் தடவை அவர் காமிரா வைக்கவில்லை.

பள்ளத்துக்குப் பனி வந்தது. தாமதமாகத்தான் வந்தது, மெல்லிசாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. மரங்கள் அதைப் பிடித்து இறக்கின. பாசி குடித்துக் கொழுத்தது. ஒரு காலையில் முட்டை ஒன்று உடைந்து, உள்ளேயிருந்து எள்ளளவில் ஒரு தவளை வெளியே வந்து தன் அப்பனைப் பார்த்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. துளியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போது வந்தது. அந்தத் தண்ணீரையும் அது வீணாக்காமல், இன்னும் உடையாத முட்டைகளின் மேலேயே விட்டது.

சங்கம் பாராட்டு விழா எடுத்தது. "நாம் எடுத்த முயற்சியால்" என்று தலைவர் பேச்சைத் தொடங்கினார். நாம் என்று அவர் சொன்னது தன்னை மட்டும்தான் என்பது போகப் போகத் தெரிந்தது. துளியன் விழாவுக்குப் போகவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முள்வேலி பக்கம் போயிற்று. அங்கே ஒரு பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள், அதில் உன் படம் இருக்கிறது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

படம் நிஜமாகவே இருந்தது. மொக்கையனின் முகம் மரத்தின் உயரத்துக்கு இருந்தது. அதன் மூக்கில் துளியன், கழுத்துப் பையை முழுக்க ஊதிக்கொண்டு, பூசணிக்காய் பருமனில் உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தது.

"அப்பா, இது நீதானே?" என்றது ஒரு பிள்ளை.

"நான்தான்."

"கீழ என்னப்பா எழுதியிருக்கு?"

துளியனுக்குப் படிக்கத் தெரியாது. கூட வந்திருந்த அக்கா தயங்கித் தயங்கிப் படித்தாள். "எச்சரிக்கை. நோயின் அறிகுறி. இதுபோன்ற கொப்புளத்தைக் கண்டால் அருகில் செல்லாதீர்கள்."

உலகம் முதல் தடவையாகத் துளியனைப் பார்த்திருக்கிறது. பார்த்து நோய் என்று பெயர் வைத்திருக்கிறது. அதற்கு வலித்தது. பிள்ளைகள் தன் முகத்தையே பார்க்கின்றன என்று தெரிந்ததும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

"பை நல்லா விழுந்திருக்கு" என்றது.

நஷ்டம் மொக்கையனுக்கும் இருந்தது. ஊர் பேசியது காட்டுக்குள்ளும் வந்து, காட்டுப் பசுக்கள் எல்லாம் அதைக் கண்டால் ஒதுங்கிப்போக ஆரம்பித்தன. பல நாள் கண்ணால் பேசிக்கொண்டிருந்த ஒரு பசு, இப்போது அது வரும் திசையிலேயே மேய்வதில்லை. வேலி வந்த பிறகும் தவளை அப்பன்கள் மாலையானால் அதன் முகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"அண்ணே, என்னாலதானே இதெல்லாம். நாங்க இறங்கிடறோம்ணே" என்றது துளியன்.

"இறங்கித் தொலைச்சிராதப்பா" என்று பதறியது மொக்கையன். "அவ போனாப் போறா. இந்த வேக்காட்டுல உடம்புல மூக்கு ஒண்ணுதான் குளுகுளுன்னு இருக்கு. அதையும் கெடுத்துப்புடாத."

கூதல்மேட்டில் மிச்சமிருந்த கூதல் அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் போனது. ஒரு நாள் காலையில் சங்கத் தலைவர் பள்ளத்துக்கு வந்தார். இந்தத் தடவை பக்கவாட்டில் நிற்கவில்லை. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, குசுகுசுவென்று பேசினார்.

"தம்பி துளியா, என் பாறையில் கண்ணாடிப் பாலம் போடப் போகிறார்களாம். என் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்தார்களாம். உன்னிடம் ரெண்டு கொப்புளம் கிடைக்குமா?"

தலைவருக்குப் பின்னால் மயில் நின்றது. "தோகையில வேண்டாமுங்க. மூஞ்சியில மட்டும் பார்த்துப் போட்டு உடுங்க, போதும்" என்றது. மயிலுக்குப் பின்னால் கருமந்தி அக்கா, அவளுக்குப் பின்னால் மலை அணில், அணிலுக்குப் பின்னால் யார் யாரோ. வரிசை பள்ளத்தைத் தாண்டி, சோலையைத் தாண்டி, புல்வெளி வரைக்கும் போயிற்று. நடுவில் புகுந்தவர்களைப் பின்னால் போகச் சொல்லிச் சத்தமும் கேட்டது. அழகாக இருப்பதில் ஆயுள் முழுக்கப் போட்டி போட்டவர்கள், அன்றைக்குச் சொறி பிடித்த மாதிரித் தெரிய வேண்டும் என்று முண்டியடித்தார்கள்.

"பிள்ளைங்க இன்னும் வளரலை. வளர்ந்ததும் ஆளுக்கு ஒருத்தரை அனுப்பறேன்" என்று துளியன் எல்லோருக்கும் சமாதானம் சொன்னது. சொல்லும்போதே வானத்தைப் பார்த்தது. வேலி போட்டு மனிதர்களை நிறுத்தியாகிவிட்டது. வெயிலை யாரும் நிறுத்தவில்லை. அது எந்த எச்சரிக்கைப் பலகையையும் படிக்காமல் நேற்றைவிட ஒரு அடி கூடுதலாகப் பள்ளத்துக்குள் வந்திருந்தது.

சின்னப் பிள்ளை ஒன்று வெயில் படாத பக்கம் தாவி வந்து, அப்பாவை ஒட்டிக்கொண்டது.

"அப்பா, இங்கயும் சுட ஆரம்பிச்சா நாம எங்கப்பா ஏறுவோம்?"

துளியன் பாறையைப் பார்த்தது. பாறையின் மேல் அசை போட்டபடி மொக்கையன் நின்றுகொண்டிருந்தது. மலை முடிந்த இடத்துக்கு மேலே அதன் முகம் மட்டும் தெரிந்தது.

"அண்ணன் மூக்குக்கு" என்றது துளியன்.

நீதி: அழகான காட்டுக்குச் சாலை வரும்; அரிக்கிற காட்டுக்குத்தான் வேலி வரும். ஆகவே பிள்ளைகளே, இயற்கையை உண்மையாகவே நேசிப்பவர்கள் அதைப் பற்றி வெளியில் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிடக் கூடாது. யாராவது கேட்டால், பேசாமல் சொறிந்து காட்டுங்கள்.